சாமி படக் கடையும் இரண்டு துறைமுகச் சண்டைகளும்

அம்மாவின் படத்துக்குக் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அதை மாற்றத்தான் போனேன். கடைசியில் மோட்டார் சைக்கிளின் பின்னால் கிரிமியப் போரையும் ரஷ்ய-ஜப்பான் போரையும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் என்ன வரவேற்பு கிடைத்தது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

சிலாங்கூரில் புக்கிட் ரோத்தான் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கடையைத் தெரிந்திருக்கும். பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே போய்விட்டது. யாரைக் கேட்டாலும் ‘சாமி படக் கடை’ என்பார்கள். முன்னால் முருகன், மதுரை வீரன், முனீஸ்வரர். அடுத்த வரிசையில் பட்டமளிப்புப் படங்கள். உள்ளே போனால் காலமானவர்கள், ஆளுக்கொரு பிளாஸ்டிக் மாலையோடு. கடைக்காரத் தம்பிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பா காலத்தில் தோட்டத்து லயங்களுக்கு சைக்கிளிலேயே போய்ப் படம் விற்பார்களாம். தீபாவளி போனஸ் கொடுக்கிற வாரம்தான் பெரிய வியாபாரம்.

கண்ணாடி வெட்டும் வரைக்கும் சும்மா நிற்காமல், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த ஒரு கட்டைப் புரட்டினேன். பக்கத்துத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை இடித்தபோது லோரிக்காரர் கொண்டுவந்து போட்ட சாமான் அது. குதிரைப் பந்தயம், யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், செல்லரித்த ஒரு மான். அதற்கடியில் இந்த இரண்டு படங்கள்.

கிள்ளானில் ஓர் அச்சகத்தில் 31 வருஷம் மெஷின் ஓட்டியவன் நான். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், தினசரி காலண்டர் எல்லாம் கையில் மை படிய அடித்திருக்கிறேன். அச்சகத்துக்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் படத்தைக் காட்டினாலும் முதலில் புள்ளியைத்தான் பார்ப்பான், படத்தை அப்புறம்தான் பார்ப்பான். வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகியும், புள்ளி பார்க்கும் குட்டிப் பூதக்கண்ணாடியான லூப் இன்னும் மோட்டார் சாவியோடுதான் தொங்குகிறது. பேரப்பிள்ளைகள் எறும்பு பார்ப்பதற்கு வாங்கிக்கொள்வார்கள்.

அந்த லூப்பை முதல் படத்தின் மேல் வைத்தேன். புள்ளி இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்றைக்கு அச்சாகும் கலர் படத்தை லூப்பில் பார்த்தால் நான்கு வண்ணப் புள்ளிகள் ஒன்றைச் சுற்றி ஒன்று நின்று குட்டிப் பூ மாதிரி தெரியும். சிவகாசிக் காலண்டர் லட்சுமியின் கன்னத்திலும் அதே பூதான். கல் அச்சில் அந்தப் பூவைப் பார்க்க முடியாது. பவேரியாவிலிருந்து வந்த சுண்ணாம்புக் கல்லைச் சொரசொரப்பாகத் தேய்த்து, அதன் மேல் எண்ணெய்ப் பசையுள்ள கருப்புக் குச்சியால் வரைவார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடத்தில் மை ஒட்டும், ஈரமான இடத்தில் ஒட்டாது. எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதுதான் மொத்த வித்தையும். 1790களின் கடைசியில் செனஃபெல்டர் கண்டுபிடித்தார். நான் ஓட்டிய ஆஃப்செட் மெஷினுக்கும் அதுதான் கொள்ளுத்தாத்தா. லூப்பில் அது கல்லின் மேல் கரி உரசிய மாதிரி, ஒழுங்கே இல்லாத மணல் மணலாகத் தெரியும்.

அப்படித்தான் தெரிந்தது. ஓரத்தில் பொடி எழுத்து: டே அண்ட் சன் அச்சகம், கொல்நாகி வெளியீடு, 1855. வில்லியம் சிம்ப்சன் வரைந்தது.

“தம்பி, இது பிரதி இல்லை. அந்தக் காலத்திலேயே அடிச்சது” என்று சொன்னேன். சொல்லாமல் வாங்கியிருக்கலாம்தான், மனசு கேட்கவில்லை. அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “கட்டு மொத்தத்துக்கும் லோரிக்காரனுக்கு ஐம்பது வெள்ளிதான் குடுத்தேன் அண்ணே. நீங்க இதுக்கு அறுபது குடுங்க. பிரேம்ல பாத்துக்குறேன்.” சொன்னபடி பிரேமில் பார்த்துக்கொண்டார். 180 வெள்ளி.

இதற்காக யாரும் துரை பங்களா தேடி ஓட வேண்டாம். இந்தப் படங்கள் ஏராளமாக அச்சாகி விற்றவை. லண்டனில் சண்டைச் செய்தி படித்துவிட்டு, அதை வீட்டுச் சுவரிலும் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு விற்ற சரக்கு. சிம்ப்சனின் ஓவியங்களிலிருந்து ஏறக்குறைய 80 படங்கள் இரண்டு வரிசையாக 1855, 1856இல் வெளிவந்தன.

சிம்ப்சனை எனக்குப் பிடித்துப் போனதற்குக் காரணம், அவர் நம்ம தொழில்காரர். கிளாஸ்கோவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கல் அச்சுக் கற்றுக்கொண்டு, லண்டனில் அதே டே அண்ட் சன் அச்சகத்தில் வேலைக்கு இருந்தவர். 1854இல் கொல்நாகி கம்பெனி அவரைக் கிரிமியாவுக்கு அனுப்பியது. செவஸ்தபோல் ரஷ்யாவின் கருங்கடல் கப்பல்படைத் துறைமுகம். பிரிட்டனும் பிரான்சும் துருக்கியும் சேர்ந்து அதை முற்றுகை போட்டிருந்தன. எதிரிக் கப்பல் உள்ளே நுழையாமல் இருக்க ரஷ்யர்கள் தங்கள் கப்பல்களையே துறைமுக வாயிலில் மூழ்கடித்தார்கள். கடல் வழி அடைபட்டது. அப்புறம் பதினோரு மாதம் மண்ணைத் தோண்டித் தோண்டித்தான் சண்டை. 1855 செப்டம்பர் 8இல் பிரெஞ்சுக்காரர்கள் மலாகோவ் கோட்டையைப் பிடித்த பிறகே ஊர் விழுந்தது.

கோட்டை முற்றுகைப் படம் என்றால் சாதாரணமாக எப்படி இருக்கும்? முன்னால் ஒரு மேடு, மேட்டில் தொலைநோக்கியோடு ஓர் அதிகாரி, தூரத்தில் நீலமாகத் துறைமுகம், கோட்டைக்கு மேல் பஞ்சு பஞ்சாகப் புகை. ஒருத்தர் முகத்திலும் வியர்வை இருக்காது. வீட்டுக் கூடத்தில் மாட்டுகிற படமில்லையா, சாப்பிடும்போது பார்க்க வேண்டுமே. என் கைக்கு வந்த படத்தில் துறைமுகமும் இல்லை, கோட்டையும் இல்லை. ஒரு சேற்று ரோடு மட்டும்தான். பிரிட்டிஷ் படையின் துறைமுகமான பாலக்லாவாவில் கப்பலிலிருந்து இறக்கிய சாமான் முற்றுகைப் படைக்குப் போக வேண்டிய வழி, கடிக்கோய் என்ற கிராமத்தில். மழை. வண்டிச் சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்திருக்கிறது. குதிரைகள் துவண்டு கிடக்கின்றன. தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘தளவாடச் சிக்கல்கள்’. கப்பல் நிறைய கம்பளி இருக்கிறது, ஏழெட்டு மைல் தள்ளி ஆள் குளிரில் சாகிறான், நடுவில் இந்த ரோடு. அதைச் ‘சிக்கல்’ என்று எழுதிய புண்ணியவான் நிச்சயம் ஓர் ஆபீஸ் கிராணியாகத்தான் இருப்பார்.

என் மச்சான் தோட்டத்தில் 28 வருஷம் டிராக்டர் ஓட்டியவர். படத்தைக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இது எந்த டிவிஷன்?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நவம்பர் மழையில் செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லர் புதைந்து நிற்கும் ரோடு இதேதான். அந்த மண்ணின் நிறத்துக்கு அச்சில் ஒரு தந்திரம் இருக்கிறது. கருப்பை ஒரு கல்லில் அடித்து, மங்கலான பழுப்பை இன்னொரு கல்லில் அடிப்பார்கள். வெளிச்சம் வேண்டிய இடத்தில் பழுப்புக் கல்லைச் சுரண்டிவிடுவார்கள். அங்கே தாளின் வெள்ளை அப்படியே தெரியும். சேற்றில் தேங்கிய தண்ணீர் மினுங்குவது வெறும் தாள்! இரண்டே கல்லில் இந்த மழையைக் கொண்டுவந்தவர்களுக்கு என் சலாம். ரெஜிஸ்டர், அதாவது ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று சரியாக உட்காருவது, முடி அளவும் விலகவில்லை. நாங்கள் கணினிப் பிளேட் வைத்துக்கொண்டு அம்மனுக்கு இரண்டு உதடு அடித்த கதையெல்லாம் இங்கே வேண்டாம்.

சிம்ப்சன் சண்டையையே நேரில் பார்த்து வரைந்தாரா என்றால், எல்லாவற்றையும் இல்லை. 1854 நவம்பர் 14இல் ஒரு பெரும்புயல் பாலக்லாவாவில் கப்பல்களை உடைத்தது. குளிருக்கான துணி ஏற்றி வந்த கப்பலும் அதில் போயிற்று. அந்தப் புயல் ஓய்ந்த கையோடுதான் இவர் வந்து சேர்ந்தார். அதற்குள் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பிரிட்டிஷார் நடத்திய புகழ்பெற்ற குதிரைப்படைப் பாய்ச்சல் முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. கேட்டுக் கேட்டு வரைந்தார். வரைந்ததைப் படைக்குத் தலைமை தாங்கிய கார்டிகன் பிரபுவிடம் காட்டினார். பிரபு முகத்தைச் சுளித்தார். திருத்திக் கொண்டுபோனார், திரும்பவும் சரியில்லை. மூன்றாவது முறை பிரபுவுக்கு ரொம்பத் திருப்தி. என்ன மாற்றினார் என்பதைப் பிற்காலத்தில் சிம்ப்சனே சொல்லியிருக்கிறார்: பிரபு படைக்கு முன்னால் பளிச்சென்று தெரியும்படி கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டாராம், அவ்வளவுதான்.

படித்துவிட்டு அரை மணி நேரம் சிரித்தேன். ஒரு கோயில் நோட்டீஸுக்காகத் தலைவர் படத்தை நான்கு முறை பெரிதாக்கி, கடைசியில் அம்மனின் சூலத்தை வெட்ட வேண்டி வந்த இரவு எனக்கு ஞாபகம் வந்தது. கார்டிகன் பிரபு எல்லா ஊரிலும் கமிட்டியில் இருக்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த வரிசையில் படம் வாங்குவதாக இருந்தால் குதிரைப் பாய்ச்சலை விட்டுவிட்டு ரோடு, படகு, குடிசை, நோயாளியைக் கப்பலேற்றும் காட்சி இவற்றை வாங்குங்கள். அங்கே சரிபார்க்கப் பிரபு யாரும் இல்லை. பாலக்லாவாவில் போட்ட ரயில்பாதையின் படமும் உண்டு. இந்தச் சேற்று ரோட்டுக்கு மாற்றாக 1855 பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து கூலியாட்களைக் கொண்டுவந்து ஏழு வாரத்தில் ஏழு மைல் போட்டார்கள். அப்புறம் குண்டு மேலே போவதற்குத் தடையில்லை.

இரண்டாவது படம் ஜப்பானியருடையது. மூன்று தாள் சேர்ந்து ஒரே படம். ஒவ்வொரு தாளும் ஏறக்குறைய 37 செண்டிமீட்டர் உயரம், 25 அகலம். சீனக் கடற்கரையில் ரஷ்யா வைத்திருந்த துறைமுகமான போர்ட் ஆர்தர், 1904 பிப்ரவரி 8 இரவு. போர் அறிவிக்கும் முன்பே ஜப்பானின் டார்பிடோ படகுகள் ரஷ்யக் கப்பல்கள் நின்ற துறைமுகத்துக்கு வெளியே பாய்ந்த ராத்திரி. இடது தாளில் மலைக்கோட்டை. அங்கிருந்து புறப்படும் தேடுவிளக்கு வெளிச்சம் நடுத்தாளில் சாய்ந்து நிற்கும் போர்க்கப்பலைத் தாண்டி, வலது தாளில் அலையைக் கிழித்து வரும் சின்னப் படகின் மேல் விழுகிறது. கருநீலம், கருப்பு, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அழகு என்று சொல்லாமல் இருக்க முடியாது.

லூப் வைத்தேன். பூ பூவாகப் புள்ளி. மரக்கட்டையின் ரேகைகூடப் புள்ளியால் ஆனது. ஒரிஜினலாக இருந்தால் வண்ணத்துக்கு ஒரு கட்டை செதுக்கி, ஈரத்தாளைக் கையால் தேய்த்து அடித்திருப்பார்கள். மை தாளுக்குள் இறங்கி நார் தெரியும். இது பிற்காலத்து ஆஃப்செட் பிரதி, ஆர்ட் பேப்பர், நீலம் கொஞ்சம் தூக்கல். இதற்கும் அறுபது வெள்ளி. பதினைந்து வெள்ளிதான் பெறும். முதல் படத்தில் அவர் விட்டதை இதில் எடுத்தார் என்று வைத்துக்கொண்டேன்.

1894இல் ஜப்பான் இதே போர்ட் ஆர்தரைச் சீனாவிடமிருந்து பிடித்தபோது இந்த மாதிரி மரக்கட்டைப் படங்கள் தெருத்தெருவாக விற்றன. ஓவியர்களில் பெரும்பாலோர் டோக்கியோவை விட்டு நகரவில்லை. பத்திரிகையில் தந்திச் செய்தி வந்தால் அன்றைக்கே வரைய உட்காருவார்கள். பத்து வருஷம் கழித்து 1904இல் புகைப்படமும் கல் அச்சும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, மரக்கட்டைக்கு மவுசு குறைந்தது. அந்தச் சண்டையின் முதல் மாதங்கள் இவர்களுக்குத் தோதானவை. கடல், இரவு, விளக்கு. வாயிலை அடைக்க ஜப்பானியர் பழைய கப்பல்களைக் கொண்டுபோய் மூன்று முறை மூழ்கடிக்கப் பார்த்தார்கள். செவஸ்தபோலில் வீட்டுக்காரன் செய்ததை இங்கே எதிரி செய்ய முயன்றான், வாயில் சரியாக அடைபடவில்லை. இரண்டாவது முயற்சியில் செத்த ஹிரோசே என்ற அதிகாரியைப் ‘போர்க்கடவுள்’ ஆக்கிப் படம் போட்டே விற்றார்கள்.

ஆகஸ்டுக்கு அப்புறம் நடந்தது வேறு. ஜப்பான் தளபதி நோகியின் படை கான்கிரீட் கோட்டைகள் மேல் அலை அலையாக ஏறிச் செத்தது. 203 மீட்டர் மலையைப் பிடித்து, அங்கிருந்து பார்த்துச் சொல்லி, 28 செண்டிமீட்டர் பீரங்கிகளால் துறைமுகத்துக்குள் இருந்த கப்பல்களை உடைத்தார்கள். 1905 ஜனவரி 2இல் ரஷ்யர்கள் சரணடைந்தபோது ஜப்பான் தரப்பில் செத்தவர், காயப்பட்டவர் ஐம்பதாயிரத்துக்கும் மேல். நோகியின் இரண்டு மகன்களும் அந்தப் போரில் போனார்கள். அந்தப் பக்கம், வெரஷ்சாகின் என்ற ரஷ்ய ஓவியர். மண்டையோட்டு மலையை வரைந்து போரைத் திட்டியவர். 1904 ஏப்ரல் 13இல் அட்மிரல் மக்காரோவோடு கப்பலில் இருந்தார். போர்ட் ஆர்தருக்கு வெளியே கண்ணிவெடியில் கப்பல் மூழ்கியது. இருவரும் போனார்கள். கிட்டே போய் வரைந்தவர் கடலுக்குள், டோக்கியோவில் உட்கார்ந்து வரைந்தவர்களின் படம் புக்கிட் ரோத்தான் வரைக்கும் வந்திருக்கிறது.

சரி, வேலைத் தரத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்கும் தம்பிக்கும் உரசல்.

இரண்டு வாரம் கழித்து எடுக்கப் போனேன். ஜப்பான் படத்தை மூன்று சன்னல் வெட்டிய மவுண்ட் போர்டில், நடுவில் இரண்டிரண்டு அங்குலம் இடைவெளி விட்டு, ரொம்ப அழகாக மாட்டியிருந்தார். தப்பான வரிசையில். அந்தத் தாள்கள் வலமிருந்து இடமாகப் போகும். அவர் அடுக்கில் மேலே இருந்ததை இடது பக்கம் வைத்துவிட்டார். கோட்டை வலது கோடிக்குப் போய்விட்டது. அதன் தேடுவிளக்கு பிரேமுக்கு வெளியே பாய்ந்து கடையின் மின்விசிறி சுவிட்சைத் தேடுகிறது. டார்பிடோ படகு இடது கோடியிலிருந்து வெளியே சீறி முனீஸ்வரரைத் தாக்கப் போகிறது. இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, நடுவில் கப்பல் தன்பாட்டுக்குச் சாய்ந்திருக்கிறது.

“மூணு தனித்தனிப் படம்னு நினைச்சேன் அண்ணே” என்றார். நியாயம்தான். அவரிடம் வரும் மூன்று படம் என்றால் பிள்ளையார், முருகன், ஐயப்பன்தான். முகம் சுளிக்காமல் திரும்பச் செய்து கொடுத்தார். கூடுதலாக ஒரு காசு கேட்கவில்லை.

அதைவிடப் பெரிய தப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்தது. சந்தேகத்தில் சிம்ப்சன் படத்தின் பின்பலகையைக் கழற்றச் சொன்னேன். பெட்டி ஒட்டும் பழுப்பு டேப். 170 வருஷத் தாளின் முதுகில் நான்கு மூலையிலும். அந்தப் பசை நாலைந்து வருஷத்தில் தாளுக்குள் இறங்கி முன்பக்கம் டீக்கறை மாதிரி தெரியும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மெதுவாக, முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி, இருவரும் சேர்ந்து எடுத்தோம். மூன்று மூலை சுத்தமாக வந்தது. நாலாவது மூலையில் தாளின் தோல் கொஞ்சம் உரிந்துவிட்டது. பசை இல்லாமல், தாள் முக்கோணம் மடித்து மூலையைச் செருகும் வழியைக் காட்டினேன். அவர் கற்றுக்கொண்டார், ஆனால் சாமி படத்துக்கு இப்போதும் டேப்தான். கேட்டால் “சாமி கோவிச்சுக்காது” என்கிறார்.

மற்றபடி கை நல்ல கை. மூலைச் சேர்க்கை இடைவெளியில்லாமல் இருக்கிறது. கண்ணாடி படத்தைத் தொடாமல் மவுண்ட் போர்டு தூக்கிப் பிடிக்கிறது. நம் ஊர் ஈரத்தில் இது முக்கியம், தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பின்னால் பிளைவுட் போடுவார், அதை வேண்டாம் என்று சொல்லி நல்ல அட்டையாக நாமே வாங்கிக் கொடுப்பது உத்தமம். பங்களாக் கட்டில் வந்த மான் படத்தைச் செல் எப்படி அரித்திருக்கிறது என்று பார்த்தாலே புரியும்.

வீட்டு வரவேற்பு: சேற்று ரோடு கூடத்தில் மாட்டியாகிவிட்டது. ஜப்பான் படத்தை வீட்டுக்காரி வாசற்படியிலேயே நிறுத்திவிட்டாள். அவள் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் போட லோரியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் ஜப்பான்காரர்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943இல் முடிந்தது. அவர் திரும்பவில்லை. “அழகா இருந்தா உங்க ரூம்ல வச்சுக்குங்க. சாமி மேடைக்கு நேரா வேணாம்.” நான் வாதாடவில்லை. இப்போது அது மெஷின் பழுது பார்க்கும் சாமான் வைத்திருக்கும் அறையில், கதவுக்குப் பின்னால்.

கடைசி முறை போனபோது தம்பியிடம் கேட்டேன், நம் கோலசிலாங்கூர்க் கோட்டைச் சண்டைப் படம் ஏதாவது வந்தால் எடுத்து வையுங்கள் என்று. 1784இல் டச்சுக்காரர்கள் மெலாவத்திக் குன்றைப் பிடித்து ‘ஆல்டிங்ஸ்பர்க்’ என்று பெயர் வைத்ததும், அடுத்த வருஷமே சுல்தான் இப்ராஹிம் திரும்பப் பிடித்ததும் பத்து நிமிஷத் தூரத்தில் நடந்த கதை. ஆற்று முகத்தில் பீரங்கி இன்னும் இருக்கிறது. தம்பி கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போனார். “மெலாவத்தி மலைன்னா குரங்குப் படம் இருக்கு அண்ணே. மின்மினியும் இருக்கு.”

ஞாயிறு மத்தியானம் கடை மூடியிருக்கும். கார் என்றால் பின்சந்தில் நிறுத்தலாம். அவசரம் என்று சொன்னால் இரண்டு வாரம், அவசரமில்லை என்றால் ஒரு வாரம், அது ஏன் என்று கேட்காதீர்கள். டேப் வேண்டாம் என்று மூன்று முறை சொல்லுங்கள். ஜப்பானிய மூன்று தாள் படம் கொண்டுபோனால், ஒரு துண்டுச் சீட்டில் 1, 2, 3 என்று எழுதி ஒவ்வொரு தாளோடும் வையுங்கள், வலமிருந்து.